மூன்று கரண்டி எண்ணெய்

செப்டம்பர் 6, புதன்

இன்று வந்தவர்கள்: பெனினா டீச்சர், கோதண்டம், மும்தாஜ், பெர்சியாள் ஆகிய நான், அப்புறம் லீதியாள்.

எழுதிவிட்டேன். நாற்பத்தொன்பது வருஷமாக என் வாயால் சொல்லாத பேர். கையால் எழுதினால் அது சொன்னதாக ஆகாது என்று வைத்துக்கொள்கிறேன். அவள் என் கூடப்பிறந்த தங்கை.

இந்த நோட்டு பெனினா கொடுத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியதாம். “கூட்டத்துல பதில் சொல்ல முடியாம தவிக்கிறீங்களே பாட்டி, அதையெல்லாம் வீட்டுக்குப் போய் இதுல எழுதிடுங்க. யாரோ தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க” என்றாள். நான் நாலாங்கிளாஸ் வரைக்கும்தான். ஆனால் வேதாகமத்தை ஏழு தடவை முழுசாக வாசித்தவள். எழுத்து வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் யூனிட்டேரியன் சபை. எங்களுக்குக் கடவுள் ஒருவர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்றாகச் சொல்வதில்லை. இயேசுவைப் பெரிய குருவாக வைத்திருக்கிறோம், கடவுளாக அல்ல. இதனால் மற்ற சபைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஞாயிறு ஆராதனை வேறு. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சபையின் பக்கத்து அறையில் கூடுவது வேறு. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மும்தாஜ் தையல் கடைக்காரி, ஐந்து வேளையும் தொழுகிறவள். கோதண்டம் ரயில் பெட்டிப் பட்டறையில் என் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை பார்த்தவன். சாமியே கிடையாது என்பவன். டீக்கு வருகிறான்.

சட்டம் இதுதான். நடுவில் விளக்கு ஏற்றுவோம். ஒவ்வொருவராக மனசில் இருப்பதைப் பேசலாம். பேசுகிறவருக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. திருத்தக்கூடாது. விளக்கு எரிகிறவரை எழுந்து போகக்கூடாது. விளக்கு அணைந்தால் அன்றைய பேச்சு முடிந்தது, பாதியில் நின்றாலும் சரி.

திருத்தக்கூடாது என்பதுதான் என் உயிரை வாங்குகிறது. போன மாசம் கோதண்டம் தன் கல்யாணம் எண்பத்திரண்டு வைகாசியில் என்றான். எண்பத்தொன்று ஆனி. நான் பந்தியில் உட்கார்ந்தவள். பாயசத்தில் உப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒருத்தரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். நரைத்துவிட்டாள். பெனினா, “லீதியா பாட்டி இந்த மாசம் முழுக்க நம்ம கூட்டத்துக்கு வரேங்கறாங்க. வர்ற ஒண்ணாந்தேதி ஓசூருக்கு மக வீட்டோட போறாங்களாம், ஒரேயடியா” என்றாள்.

“திரி போடணும், தள்ளு” என்றேன் பெனினாவிடம்.

விளக்கு என் பொறுப்பு. அதை விட்டுவிட்டு நான் எழுந்து போக முடியாது. இது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயசிலேயே அவள் கெட்டிக்காரிதான்.

அவள் முறை வந்தபோது, “சும்மா கேக்க வந்தேன்” என்று மட்டும் சொன்னாள். கடைசியில் இறந்து போனவர்களுக்காக விளக்கிலிருந்து மெழுகுவத்தி ஏற்றி, யாருக்காகவோ அவர் பேரைச் சொல்வது வழக்கம். நான், “எங்க வீட்டுக்காரர்” என்றேன். வாராவாரம் அப்படித்தான். கோதண்டத்துக்கும் வாராவாரம் ஒரே கிண்டல்.

“பேரச் சொல்லுக்கா. ஃபோர்மேன் பேரு எனக்குத் தெரியும். மெழுகுவத்திக்கு எப்டித் தெரியும்?”

நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் அவர் பேரை நான் சொன்னதில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம். இப்போதும் ஆபீஸ்களில் பேர் கேட்டால் கார்டை நீட்டி விரலால் காட்டுவேன்.

செப்டம்பர் 7, வியாழன்

ரேஷனில் துவரம்பருப்பு வரவில்லை. வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. அவள் காலில் செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. எனக்கென்ன.

செப்டம்பர் 9, சனி

விளக்கைப் புளி போட்டுத் துலக்கினேன். கால் வைத்த பித்தளைக் கிண்ணம், நடுவில் திரி நிற்க ஒரு குமிழ். பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் கடைசல் மெஷினில் வைத்து அவரே கடைந்தது. ஒரு கோடு கோணலாக இருக்காது. அப்படிப்பட்ட கை. மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றினால் ஒன்றரை மணி நேரம் எரியும்.

துலக்கிவிட்டு அவருடைய கைக்குட்டையால் துடைத்தேன். நீலக்கட்டம் போட்டது. வாழ்நாள் முழுக்க அதே தினுசுதான் வாங்குவார். ஏழு மிச்சம் இருக்கிறது. மருமகள் அமுதா, “அத்தை, மாமா கைக்குட்டையில போய் எண்ணெயத் துடைக்கறீங்களே” என்றாள். எண்ணெய் யாருடைய விளக்குக்கு?

நல்ல மனுஷன். லீதியாளோடு நான் பேச்சை நிறுத்தினதிலிருந்து ஒரு வார்த்தை அவளைத் திட்டினதில்லை. நான் திட்டும்போது எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இருந்தது ஒரே ஒரு துளசி. அது அழுகியே போயிற்று.

செப்டம்பர் 13, புதன்

வந்தவர்கள்: பெனினா, கோதண்டம், மும்தாஜ், நான், அவள்.

மும்தாஜ் பேசினாள். தொழும்போது மனசு தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். அளவு ஜாக்கெட், கொக்கி, காஜா. “அல்லா அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருப்பான்” என்று சொல்லி அவளே சிரித்தாள். எனக்குப் பிடித்தது. கோதண்டம், தனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் இந்த அறையில் ஒன்றரை மணி நேரம் யாரும் தன்னைத் திட்டாமல் இருப்பதே அதிசயம் என்றான். அவன் பெண்டாட்டியை எனக்குத் தெரியும். உண்மைதான்.

பிறகு லீதியாள்.

“எங்கக்கா என்னை முதுகுல தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவா. ரயில்வே கேட்டு வரைக்கும் சூடு கொதிக்கும். எனக்கு செருப்பு இல்ல. அவளுக்கும் இல்ல. அது எனக்கு அப்பத் தெரியல” என்றாள்.

அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுகிறேன். முதுகில் இல்லை, இடுப்பில். ரயில்வே கேட் வரைக்கும் இல்லை, அதைத் தாண்டி மாட்டுத் தொட்டி வரைக்கும். கனமாக இருப்பாள். இறக்கிவிட்டால் அழுவாள்.

டீ குடிக்கும்போது பெனினா அடுத்த வாரத்துக்கு விஷயம் சொன்னாள். நம்மைப் போன்ற சபைகளில் வெளிநாட்டில் ஒரு பழக்கமாம். ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமான ஓர் இடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து, அதன் கதையைச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலப்பது. கோதண்டம், “மெட்ரோ தண்ணி லாரிதான் எனக்கு முக்கியமான எடம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லீதியாள் சிரிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 14, வியாழன்

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டாவதாக ஒரு பிள்ளை. எட்டு மாசம். சத்தியன் என்று நான் பேர் வைத்தேன். எங்கள் சபையில் மற்ற சபைகள் மாதிரி மூன்று நாமத்தில் ஞானஸ்நானம் கிடையாது. ஒரு வயசானதும் சபை நடுவில் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, பேர் சொல்லி, எல்லாருமாக வாழ்த்துவோம். அதற்கு நாலு மாசம் இருந்தது. எழுபத்திநாலு நவம்பரில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி நான் கண் மூடவில்லை. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் கட்டில் காலில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பிள்ளையின் தலைமுடி நனைந்திருந்தது. லீதியாள் பக்கத்தில் நின்றாள், முந்தானை ஈரம், கையில் டிபன் பாக்ஸ் மூடி. தலைமாட்டில் நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று ஈரமாகக் கிடந்தது. அவள் கல்யாணம் ஆகிப் போன சபையின் போதகர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். “என்னடி பண்ணின” என்று கேட்டேன். “ஞானஸ்நானம் குடுத்துட்டோம்க்கா. பீட்டர்னு பேரு” என்றாள்.

மறுநாள் பிள்ளை போய்விட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். கல்லில் பீட்டர் என்று இருக்கிறதாம். பீட்டர் என்று எனக்கு ஒரு பிள்ளையும் கிடையாது. நான் ஒரு நாளும் அங்கே போகவில்லை. அவர் மட்டும் வருஷா வருஷம் நவம்பரில் போவார். என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

தன் சபைக்கு ஓர் ஆத்துமாவைச் சேர்க்க என் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்கு மேல் அவளிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினேன். கொசு மருந்து அடிக்க வந்தார்கள். அமுதா தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்து, “எங்கேருந்து புடிக்கப் போறீங்க அத்தை?” என்றாள். “வீட்டுக் குழாயிலேர்ந்து” என்றேன். லீதியாள் நாளைக்கு எங்கேயிருந்து கொண்டுவருவாள் என்று எனக்குத் தெரியும். கேட்க இஷ்டமில்லை.

செப்டம்பர் 20, புதன்

வந்தவர்கள்: பெனினா, கோதண்டம், மும்தாஜ், நான், அவள்.

பெனினா திருச்சியிலிருந்து காவிரித் தண்ணீர் வரவழைத்திருந்தாள். மும்தாஜ் அவள் உம்மா வீட்டுக் கிணற்றிலிருந்து. கோதண்டம் சொன்னது போலவே லாரித் தண்ணீர்தான் கொண்டுவந்தான். ஆனால் அவன் பெண்டாட்டி ஏழாம் மாசத்தில் குடத்தோடு அந்த வரிசையில் நின்றதைச் சொல்லும்போது கிண்டலை விட்டுவிட்டான். நான் வீட்டுக் குழாய் என்றேன். கதை ஒன்றுமில்லை என்றேன்.

லீதியாள் ஒரு மருந்து பாட்டிலை எடுத்தாள்.

“இது ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணி. பழைய வார்டை இடிச்சிட்டாங்க. வெளியில அந்தக் குழா மட்டும் இருக்கு. நேத்து போய்ப் புடிச்சேன். எழுபத்திநாலு நவம்பர் பதிமூணு, மத்தியானம் மூணு மணி” என்றாள்.

தேதி சரி. நேரமும் சரி.

“எங்கக்கா தூங்கிட்டிருந்தா. நான்தான் டிபன் மூடியில தண்ணி புடிச்சிட்டு வந்தேன். அது நான்தான், இல்லைங்கல. ஆனா போதகரைக் கூட்டியாரச் சொன்னது நான் இல்ல. எனக்குத் தோணவே இல்ல. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு வார்டு வாசல்ல நின்னு அழுதது…”

விளக்கு அணைந்துவிட்டது.

பெனினா என்னைப் பார்த்து, “பாட்டி, திரும்ப ஏத்தலாமா?” என்றாள். அதற்குள் லீதியாள் மருந்து பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீரைப் பாத்திரத்தில் கலந்துவிட்டாள். “வேணாம்மா. சட்டம் சட்டம்தான்” என்றாள். விளக்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

எண்ணெய் எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

ரேஷன் கடை வரிசையில் கோதண்டம்.

“இன்னாக்கா, வெளக்கு அப்டிப் பொசுக்குனு போச்சு? ஃபோர்மேன் கடைஞ்சது, ஓட்டைகீட்ட வுழுந்துச்சா?”

“அவர் செஞ்சதுல ஓட்டை விழாது.”

“அப்ப எண்ணெ?”

“உன் பையைப் பாருடா. சர்க்கரை கொட்டுது.”

கொட்டவில்லை. குனிந்து பார்த்தான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆராதனையில் மனசு நிற்கவில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அமுதா ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டாள். நல்ல பெண். கோதண்டத்தின் கல்யாணப் பாயசத்தில் போட்டவர்களுக்கும் ஏதாவது யோசனை இருந்திருக்கலாம்.

கையைப் பிடித்துக்கொண்டு அழுதது யார்? அவள் புருஷனா? அவன் அன்றைக்கு ஊரில் இல்லை, அரக்கோணத்தில் இருந்தான். அவள் மாமியாரா? அந்த அம்மா அழுகிற ரகம் இல்லை, அழ வைக்கிற ரகம். போதகர் மனைவியா? அவள் வரவில்லை. வார்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எனக்கு மனப்பாடம். எட்டாம் கட்டில் வரை எல்லாரையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் பொருந்தவில்லை.

பரவாயில்லை. புதன்கிழமை மூன்று கரண்டி நிறைய ஊற்றுவேன். அவளே சொல்லட்டும்.

செப்டம்பர் 27, புதன்

வந்தவர்கள்: யாரும் இல்லை.

காலையிலிருந்து மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சபை அறைக்குள்ளேயும் புகுந்துவிட்டதாம். பெனினா போன் செய்தாள். “இந்த வாரம் கூட்டம் வேணாம் பாட்டி. அடுத்த புதன் பாத்துக்கலாம்.”

அடுத்த புதன் அக்டோபர் நாலு. அவள் போவது ஒன்றாந்தேதி ஞாயிறு.

பெனினாவிடம் இதைச் சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

தண்ணீர் வடிந்துவிட்டது. விளக்கைத் துலக்கினேன். நேற்றும் துலக்கினேன்.

செப்டம்பர் 30, சனி

இன்று வந்தவர்கள்: நான், லீதியாள். இடம்: அவள் வீடு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விளக்கு, எண்ணெய் பாட்டில், கரண்டி, திரி, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். “எங்க அத்தை?” என்றாள் அமுதா. “கூட்டத்துக்கு” என்றேன். “இன்னிக்கு சனிக்கிழமை.” “தெரியும்.”

அவள் வீடு எங்களுக்கு நாலு தெரு தள்ளி. நாற்பத்தொன்பது வருஷமாக அந்தத் தெரு வழியாக நான் போனதில்லை. மார்க்கெட்டுக்கும் சுற்றிக்கொண்டுதான் போவேன். இன்று நேர்வழியில் போனேன். ஏழு நிமிஷம்தான் ஆனது, இந்த முழங்காலோடு.

கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. அவள் தரையில் உட்கார்ந்து டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கை அப்படியே நின்றது. ஒரு டிரங்குப் பெட்டியின் மேலே விளக்கை வைத்தேன். திரி போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கரண்டியில் ஊற்றினேன். நாலாவதும் ஊற்றினேன். ஏற்றினேன்.

“ம். அழுததுன்னு நிறுத்தின. யாரு அழுதது?”

இதுதான் நாற்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

“உக்காருக்கா.”

“நின்னுக்கிட்டே கேப்பேன்.”

“நாலு கரண்டி ஊத்தியிருக்க. ரெண்டு மணி நேரம் நிப்பியா?”

உட்கார்ந்தேன்.

“மாமாக்கா” என்றாள். “மாமாதான்.”

அவள் மாமா என்று சொல்வது ஒருத்தரைத்தான். என் வீட்டுக்காரரை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

“டாக்டர் காலையிலயே சொல்லிட்டாராம், இன்னிக்கோ நாளைக்கோன்னு. மாமா உன்கிட்டச் சொல்லல. நேரா உங்க சபையோட கல்லறைக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருக்காரு. அந்த நவம்பர் மழைக்கு அங்க இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. குழி வெட்டினா ஊறுது. எங்க சபைத் தோட்டம் மேடு. ஆனா ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு எடம் தர மாட்டாங்க. ‘லீதியா, எம்புள்ளைய நான் தண்ணியில மெதக்க விட மாட்டேன், போதகரைக் கூட்டிக்கிட்டு வா’ன்னு அழுதாரு. நான், அக்காவை எழுப்பிக் கேக்கலாம் மாமான்னேன். ‘அவ ஒத்துக்க மாட்டா. அதுக்குள்ள புள்ள போயிடுவான்’னாரு.”

நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அது உண்மைதான்.

“அப்புறம் ஒண்ணு சொன்னாரு. ‘நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா பெர்சியா என்னை மன்னிக்க மாட்டா. நீன்னா ஒரு வருஷத்துல மறந்துடுவா’ன்னாரு. புள்ள தலைமேல என் கையை வெச்சுச் சத்தியம் வாங்கினாரு.”

ஒரு வருஷமாம்! ஏழு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணி, என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

“வருஷா வருஷம் வருவாரு. கிறிஸ்மஸ் கேக்கு எடுத்துக்கிட்டு, கெரசின் வாங்கப் போறேன்னு உன்கிட்டச் சொல்லிட்டு. ‘இந்த வருஷம் சொல்லிடறேன் லீதியா’ம்பாரு. நான்தான் வேணாம்னுடுவேன். என்கூடப் பேசாம இருந்தா உனக்குத் தங்கச்சி ஒருத்திதான் கொறச்சல். அவர்கூடப் பேசாம இருந்தா எப்படிக்கா குடும்பம் நடத்துவ? பெரியவனுக்கு அப்ப அஞ்சு வயசு.”

கரண்டியிலிருந்து எண்ணெய் டிரங்குப் பெட்டியில் சொட்டியிருந்தது. பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கையில் இருப்பதைப் பார்த்தேன். நீலக்கட்டம்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான். அன்றைக்குப் பிள்ளையின் தலைமாட்டில் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்ததும் நான்தான். மடித்து அவர் அலமாரியில் வைத்ததும் நான்தான். வார்டில் எட்டுக் கட்டிலையும் தேடினேன், என் வீட்டு அலமாரியைத் தேடவில்லை.

அதற்கு மேல் அவளும் பேசவில்லை. விளக்கு எரிகிறவரை எழுந்து போகவும் கூடாது. எண்ணெயோ நாலு கரண்டி. சும்மா உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஒரு டம்ளரை எடுத்துப் பேப்பரில் சுற்றினேன். அவள் ஒன்று சுற்றினாள். இரண்டு பேருமாக ஒரு பெட்டி டம்ளர், ஒரு பெட்டி தட்டு, குழம்புச் சட்டிகள். மூன்றாவது பெட்டியில் பித்தளை முறுக்குப் பிழி. அடியில் என் மாமியார் பேர் வெட்டியிருக்கிறது. எழுபத்துமூன்று தீபாவளிக்கு வாங்கிப் போனாள், திரும்பி வரவில்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்க முடியாமல் போயிற்று.

ஐந்தே காலுக்கு விளக்கு அணைந்தது. புகை வந்தது. இனிமேல் பேசலாம்.

“முறுக்குப் பிழி என்னோடது” என்றேன்.

“தெரியும்க்கா. எடுத்துக்க.”

“வேணாம். ஓசூர்ல உனக்கு யாரு புழிஞ்சு குடுக்கப் போறா? வெச்சுக்க.”

அப்போதுதான் அவள் அழுதாள். இடுப்பில் தூக்கிப் போன காலத்திலிருந்தே வாயைக் கோணிக்கொண்டுதான் அழுவாள். அது மாறவில்லை.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, “கல்லறைக்குப் போனதே இல்லையாக்கா?” என்றாள். இல்லை என்றேன். “போ. கல்லுக்குப் பின்பக்கம் பாரு.”

இன்னொன்றும் எழுத வேண்டும். இருபதாம் தேதி நான் ஊற்றியது ஒரு கரண்டிதான். இன்று அவளிடம் சொன்னேன். “சின்ன வயசுலேர்ந்து நீ எண்ணெய் ஊத்தறதைப் பாத்தவக்கா நான்” என்றாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. முதல் தடவை. வேன் பத்து மணிக்குக் கிளம்பியது. நான் கொடுத்தனுப்பியது: எலுமிச்சை சாதம், வடகம், பழைய செருப்புக்குப் பதில் ஒரு புதுச் செருப்பு. அளவு சரியாக இருந்தது. எனக்கு அவள் கால் தெரியாதா?

அக்டோபர் 3, செவ்வாய்

கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கல்லறைத் தோட்டம் போனேன். மேடுதான். முந்தின வாரம் அவ்வளவு மழை பெய்தும் ஒரு சொட்டு தேங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சின்னக் கல். பீட்டர், எட்டு மாதம். சுற்றிப் பின்னால் போனேன். புல் மறைத்திருந்தது. விலக்கினேன். உளியால் வெட்டிய எழுத்து. சத்தியன்.

“இன்னாக்கா பின்னாடி பாக்கற?” என்று வந்த கோதண்டம், பார்த்துவிட்டு நின்றான். “இது ஃபோர்மேன் கை. ஆனா…” என்றான்.

ஆனால் என்னவென்று எனக்கும் தெரிந்தது. பித்தளையில் ஒரு நூல் பிசகாமல் கோடு இழுத்த மனுஷன். இங்கே ஐந்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, கீழே ஓடியிருந்தது. கண் தெரியாதவன் வெட்டினது போல.

கோதண்டம் அதற்கு மேல் பேசவில்லை. விளக்கு இல்லாத இடத்தில் அவன் வாயை மூடி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

அக்டோபர் 4, புதன்

இன்று வந்தவர்கள்: பெனினா, கோதண்டம், மும்தாஜ், நான். லீதியாள் ஓசூரிலிருந்து மத்தியானமே போன் பண்ணிவிட்டாள். அங்கே குளிர்கிறதாம், பால் தண்ணியாக இருக்கிறதாம். அரை மணி நேரம் பேசினாள். மாட்டுத் தொட்டியைப் பற்றி அவளைத் திருத்திவிட்டேன்.

என் முறை வந்தபோது, முதல் தடவையாகச் சத்தியனைப் பற்றிப் பேசினேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தை நான் இவ்வளவு நாள் தப்பாக நினைத்துவிட்டேன். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் மும்தாஜின் கை என் முழங்கால் மேல் இருந்தது. அது சட்டத்தில் வராது.

கடைசியில் மெழுகுவத்தி. இரண்டு ஏற்றினேன். முதலாவதுக்குச் சத்தியன் என்றேன். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோதண்டம் கிண்டல் பண்ணக் காத்திருந்தான். நான் பேரைச் சொன்னேன், முழுசாக, எல்லாருக்கும் கேட்கிறாற்போல. கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான், பட்டறையில் ஃபோர்மேன் வரும்போது எழுவானே, அதே போல. எழக்கூடாது என்று பெனினா சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்யாணப் பாயசத்தை மன்னித்துவிட்டேன். அந்தப் போதகர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அவரையும் விட்டுவிடுகிறேன். முறுக்குப் பிழி ஓசூரில் இருக்கட்டும். லீதியாளை மன்னிக்க ஒன்றும் இல்லை, அவள்தான் என்னை மன்னிக்க வேண்டும். செய்துவிட்டாள் போல இருக்கிறது.

பாக்கி ஒரே ஒரு ஆள். என்னை எழுப்பியிருக்கலாம். அழுவதற்கு என் கையைப் பிடித்திருக்கலாம். அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்துகொண்டு துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். அங்கே போய் நேரில் கேட்டுக்கொள்கிறேன், எட்டுக் கரண்டி எண்ணெய் ஊற்றி உட்கார வைத்து. அதுவரை புதன்தோறும் மெழுகுவத்தி உண்டு, நவம்பரில் பிள்ளையிடம் போகும்போது அவர் கைக்குட்டையால் கல்லைத் துடைப்பதும் உண்டு. மன்னிப்பு மட்டும் கிடையாது.

அந்த ஆளின் பேர் மாசிலாமணி.